சந்தேகத்தின் வரிசை

"அண்ணே, வண்டி இழுக்க மாட்டேங்குது."

மெக்கானிக் கடையில் அடிக்கடி காதில் விழும் புகார் இது. இதற்குள் எத்தனை கோளாறுகள் ஒளிந்திருக்க முடியும் என்று எண்ணிப் பார்த்தால் மலைப்பாக இருக்கும். பெட்ரோல் போதாமல் இருக்கலாம். தேவைக்கு மேல் போய்க்கொண்டும் இருக்கலாம். ஏர் ஃபில்டர் அடைத்திருக்கலாம். இல்லையென்றால், எங்கோ ஒரு கேஸ்கெட் விட்டுப்போய், கணக்கில் இல்லாத காற்று உள்ளே புகலாம். பிளக்கில் பொறி மெலிந்திருக்கலாம். பொறி நன்றாக விழுந்தும் நேரம் தவறி விழலாம். வால்வு முழுதாக மூடாமல், ரிங் தேய்ந்து, சைலன்சரில் கரி ஏறி என்று பட்டியல் நீளும். இவை எதுவுமே இல்லாமல், பின் சக்கரத்தின் பிரேக் ஷூ டிரம்மோடு ஒட்டிக்கொண்டிருந்தாலும் வண்டி இழுக்காது. ஓட்டுபவரின் கைக்கு இத்தனையும் ஒரே உணர்வாகத்தான் வந்து சேர்கின்றன. ஆக்சிலேட்டரைத் திருகினால் வர வேண்டியது வரவில்லை.

அந்த ஒற்றைப் புகாரிலிருந்து ஒற்றைக் காரணத்துக்குப் போய்ச் சேரும் வழியை நான் ஒரு கலையாகவே ரசிக்கிறேன். பழுதை நீக்குவது பெரும்பாலும் சில நிமிட வேலை. ஒரு ஜெட்டை ஊதிவிடுவது, ஒரு திருகைக் கால் சுற்றுத் திருப்புவது, அவ்வளவுதான். கண்டுபிடிப்பதில்தான் ஆளுக்கு ஆள் தரம் தெரியும். பிளக், காயில், கார்புரேட்டர் கிட் என்று வரிசையாக மாற்றிக்கொண்டே போனால் என்றாவது ஒருநாள் வண்டி ஓடத்தான் செய்யும். ஆனால் எது பழுதாக இருந்தது என்பது மாற்றியவருக்கே தெரியாது. நல்ல மெக்கானிக் எதை முதலில் சந்தேகிப்பது, எதைக் கடைசிவரை தொடாமல் வைப்பது என்பதில் ஓர் ஒழுங்கு வைத்திருப்பார். ஸ்பேனர் எடுக்காமல் பார்க்கக்கூடியவை முதலில் வரும். கழற்றினால் அப்படியே திரும்ப மாட்டக்கூடியவை அடுத்து. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பார்ப்பார். ஒவ்வொரு சோதனையும், மிச்சமிருக்கும் சந்தேகங்களில் பாதியையாவது வெட்டித் தள்ளும்படி இருக்கும்.

பழைய காஸ்ட் அயர்ன் புல்லட்டை எடுத்துக்கொள்கிறேன். இந்தக் கலையைக் கற்க அதைவிடத் தெளிவான பாடநூல் நம் ஊர்ச் சாலைகளில் இல்லை. இங்கிலாந்தின் ரெட்டிச் ஊரில் பிறந்த அந்த இன்ஜின், 1955இல் மெட்ராஸ் மோட்டார்ஸ் கூட்டில் என்ஃபீல்டு இந்தியா தொடங்கப்பட்டபின் திருவொற்றியூரில் உருவாகி நாடெங்கும் போனது. போர் 70 மில்லிமீட்டர், ஸ்ட்ரோக் 90 மில்லிமீட்டர், 346 சிசி. நிமிடத்துக்கு 3000 சுற்று ஓடும்போது அதன் கிராங்க் நொடிக்கு 50 முறை சுற்றுகிறது. நான்கு ஸ்ட்ரோக் என்பதால் 25 முறை உள்ளே தீப்பிடிக்கிறது. பிஸ்டன் இறங்கிக் காற்றையும் பெட்ரோலையும் உறிஞ்சக் கிடைக்கும் அவகாசம் நொடியில் நூறில் ஒரு பங்கு. அதற்குள், ஒரு பங்கு பெட்ரோலுக்கு எடையில் ஏறக்குறைய 14.7 பங்கு காற்று என்ற விகிதத்தில் கலவை வந்து நிறைய வேண்டும்; அடுத்து அமுங்கி, குறித்த கணத்தில் பற்ற வேண்டும். இத்தனை வேகத்தில் நடப்பதை ஒருவர் காதாலும் விரலாலும் பிடித்துவிடுகிறார் என்பதில் எனக்கு வியப்பு இன்னும் தீரவில்லை.

முதல் கருவி கேள்விதான். "எப்பத்திலேர்ந்து தம்பி? திடீர்னா, கொஞ்சம் கொஞ்சமாவா? காலையில எடுத்தவுடனேயா, சூடான பிறகா? மழையில நின்னுச்சா? கடைசியா யாராவது கை வச்சாங்களா?" கேட்பதற்குப் பேச்சுவாக்கில் வருவதுபோல் இருக்கும். ஒவ்வொன்றும் ஒரு பிரிவினை. திடீரென்று வந்த கோளாறு மின்சாரத்திலோ அடைப்பிலோ இருக்க வாய்ப்பு அதிகம். மெல்ல மெல்ல வந்தது தேய்மானம் அல்லது அழுக்கு. மழைக்குப் பின் என்றால் பெட்ரோலில் தண்ணீர், பிளக் கேப்பில் ஈரம். கடைசிக் கேள்விதான் எனக்கு மிகவும் பிடித்தது. சர்வீஸ் முடிந்து வந்த மறுநாளிலிருந்து தொல்லை என்றால், இன்ஜினைச் சந்தேகிக்கும் முன் அந்தச் சர்வீஸில் கழற்றி மாட்டிய ஒவ்வொன்றையும் சந்தேகிக்க வேண்டும்.

அடுத்து வண்டியை நடு ஸ்டாண்டில் ஏற்றிப் பின் சக்கரத்தைக் கையால் சுற்றிவிடுவார். சக்கரம் தாராளமாகச் சுழன்று நிற்க வேண்டும். உரசிக்கொண்டு சீக்கிரம் நின்றால் பிரேக்கோ, அளவுக்கு மேல் முறுக்கிய செயினோ காரணமாகலாம். பிறகு ஒரு சிறு ஓட்டம். இன்ஜின் சத்தம் ஏறுகிறது, வண்டியின் வேகம் ஏறவில்லை என்றால் கிளட்ச் வழுக்குகிறது. இன்ஜினைத் திறப்பதற்கே அவசியமில்லை. இந்த இரண்டு நிமிடத்தை மிச்சம்பிடித்துவிட்டுக் கார்புரேட்டரைப் பிரிக்கிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள்.

பிறகு கிக்கர். சாவி போடாமல், காலால் மெதுவாக அழுத்தி, கம்ப்ரஷன் எதிர்ப்பதைப் பார்ப்பார். நல்ல புல்லட் ஒருவரின் எடையைக் கொஞ்ச நேரம் தாங்கிப் பிடிக்கும். எதிர்ப்பே இல்லாமல் கால் கீழே போனால் ரிங்கா வால்வா என்ற கேள்வி வரும். அதற்கும் எளிய வழி ஒன்று உண்டு. பிளக்கைக் கழற்றி, அந்தத் துளை வழியே ஒரு ஸ்பூன் இன்ஜின் ஆயில் விட்டு, பிளக்கை மாட்டி மறுபடி அழுத்துவது. ஆயில் ரிங்கைச் சுற்றிப் படர்ந்து இடைவெளியை அடைக்கும். இப்போது எதிர்ப்பு கூடினால் ரிங்கும் போரும் தேய்ந்திருக்கின்றன. கூடவில்லை என்றால் மேலே, வால்விலோ ஹெட் கேஸ்கெட்டிலோ கசிகிறது. ஹெட்டைக் கழற்றாமலே உள்ளே இருப்பதைச் சொல்லவைக்கும் இந்தச் சோதனைக்கு ஈடாக ஒரு மீட்டரையும் நான் மதிப்பதில்லை.

கழற்றிய பிளக் அதோடு முடிந்துபோவதில்லை. எரியும் அறைக்குள் இருந்துவிட்டு வெளியே வரும் ஒரே சாட்சி அதுதான். பீங்கான் மூக்கு பிஸ்கட் கலரில் இருந்தால் கலவை சரி. உலர்ந்த கருப்புக் கரி என்றால் பெட்ரோல் அதிகம், காற்றுக் குறைவு. அதே கருப்பு எண்ணெய்ப் பிசுக்கோடு மின்னினால் ஆயில் மேலே ஏறுகிறது. புகைக்கும் நீலம் தட்டியிருக்கும். வெளுத்துச் சுண்ணாம்பாக இருந்தால் கலவை மெலிந்து சூடு தாங்க முடியாமல் போகிறது. ஆனால் கடை வாசலில் ஐந்து நிமிடம் ஐடிலில் ஓடிய வண்டியின் பிளக் அந்த ஐந்து நிமிடத்தைத்தான் சொல்லும். தேர்ந்தவர் வண்டியை வெட்டவெளிச் சாலைக்கு எடுத்துப்போய், புகார் எந்த ஆக்சிலேட்டர் நிலையில் வருகிறதோ அதே நிலையில் சில நிமிடம் ஓட்டி, அப்படியே கிளட்சைப் பிடித்து இன்ஜினை அணைத்து, உருட்டிக்கொண்டு வந்து ஓரமாக நிறுத்திப் பிளக்கைக் கழற்றுவார். அப்போது தெரியும் நிறம் அந்த ஓட்டத்துக்குரியது. சாலையோரத்தில் குந்தி, சூடான பிளக்கைத் துணியில் பிடித்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்ப்பவரைக் கண்டால் நான் நின்றுவிடுவேன்.

கார்புரேட்டர் விஷயத்தில் இந்த 'எந்த நிலையில்' என்பதுதான் எல்லாமே. ஆக்சிலேட்டரின் முதல் கால் பங்குவரை பெரும்பாலும் ஸ்லோ ஜெட்டும் காற்றுத் திருகும் ஆட்சி செய்கின்றன. அங்கிருந்து முக்கால்வரை ஸ்லைடில் தொங்கும் ஊசியும் அதன் கிளிப்பு உட்கார்ந்திருக்கும் பள்ளமும். அதற்குமேல் மெயின் ஜெட். ஆகவே "ஐடிலிங் நிக்கல, ஆனா ஓட்டத்துல நல்லாப் போகுது" என்பவரின் மெயின் ஜெட்டைத் தொட வேண்டியதில்லை. "டவுனுக்குள்ள பரவாயில்ல, முழுசாத் திருகினா அடைக்குது" என்பவரின் ஸ்லோ ஜெட்டைத் தொட வேண்டியதில்லை. சிலர் கைப்பிடியில் ஒட்டுக் காகிதம் ஒட்டி, கால், அரை, முக்கால் என்று கோடு போட்டு ஓட்டிப்பார்ப்பார்கள். ஒட்டுக் காகிதமும் பேனாவும் கொண்டு கார்புரேட்டரின் உள்ளறைகளைப் பிரித்துவிடும் இந்த முறையின் அழகு என்னைப் பலமுறை கவர்ந்திருக்கிறது.

சோக்கும் ஒரு நல்ல சாட்சி. திணறும்போது சோக்கைப் பாதி போட்டுப் பார்க்க வேண்டும். திணறல் குறைந்தால் கலவை மெலிந்திருக்கிறது. ஜெட்டில் அடைப்பு, அல்லது கார்புரேட்டருக்கும் ஹெட்டுக்கும் நடுவே கள்ளக் காற்று. மோசமானால் பெட்ரோல் ஏற்கெனவே அதிகம். அப்போது ஃபில்டரையும் ஃப்ளோட்டையும் பார்க்கலாம். மழைக்காலத்தில் ஃப்ளோட் கிண்ணத்தைக் கழற்றி ஒரு கண்ணாடி டம்ளரில் கவிழ்ப்பார்கள். பெட்ரோலுக்கு அடியில் தண்ணீர் தனித்தனி மணிகளாக உருண்டுகொண்டிருக்கும்.

காது சொல்வதையும் சேர்க்க வேண்டும். பெட்ரோல் போதாமல் திணறும் இன்ஜின் தொய்ந்து, இழுத்து, மெல்ல மூச்சை விடும். பொறி தவறும் இன்ஜின் கூர்மையாக வெட்டும். தாளத்தில் ஓர் அடி விழாமல் போய், அடுத்த அடி வழக்கம்போல விழுகிற மாதிரி. சைலன்சர் முனையருகே உள்ளங்கையைக் காட்டினால் இதே வித்தியாசத்தைக் கையும் உணரும்.

புல்லட்டின் மின்சாரப் பகுதிக்கு வரும்போது நான் கொஞ்சம் அதிக நேரம் நிற்பேன், ஏனென்றால் அந்தக்கால வண்டியின் ஹெட்லைட் மண்டையிலேயே ஒரு பரிசோதனைக் கருவி பதிந்திருக்கிறது. அம்மீட்டர். சாவியைப் போட்டுக் கிக்கரை மெதுவாக அழுத்தினால், காயிலுக்குப் போகும் மின்சாரத்தைத் திறந்து மூடும் பாயிண்ட் எனும் தொடுமுனைகள் மூடியிருக்கும்போது காயில் மின்சாரம் இழுப்பதால் முள் இடப்பக்கம் சாயும். பாயிண்ட் திறந்ததும் நடுவுக்குத் திரும்பும். ஸ்டார்ட் பண்ணும் இடத்தைப் பிடிக்கத்தான் பெரும்பாலோர் இதைப் பயன்படுத்துகிறார்கள். மெக்கானிக் அதையே நாடகம்போல் படிப்பார். முள் அசையவே இல்லையா? பாயிண்ட் மூடவில்லை, முகம் அழுக்கேறிவிட்டது, அல்லது ஒயர் விட்டுவிட்டது. சாய்ந்த முள் திரும்பவே இல்லையா? பாயிண்ட் திறக்கவில்லை, அல்லது கண்டென்சர் உள்ளுக்குள் ஷார்ட் ஆகிவிட்டது. ஒரு திருகைக்கூடக் கழற்றாமல் பாதி வழி வந்தாயிற்று.

பாயிண்ட் இடைவெளி 0.35 முதல் 0.40 மில்லிமீட்டர். இந்த அற்ப இடைவெளியில்தான் புல்லட்டின் இழுவை பெருமளவு அடங்கியிருக்கிறது. கேமை உரசிக்கொண்டே ஓடும் ஃபைபர் குதிகால் நாள்பட நாள்படத் தேயும். தேயத் தேய இடைவெளி சுருங்கும், பாயிண்ட் திறப்பது தாமதமாகும், அதனால் பொறியும் தாமதமாகும். வண்டி சூடேறும், ஏற்றத்தில் கியரைக் குறைக்கச் சொல்லும். மாதக் கணக்கில் ஊர்ந்து வரும் இந்த மாற்றம் தினமும் ஓட்டுபவருக்குத் தெரிவதே இல்லை. வண்டியை இரவல் வாங்கி ஓட்டிய நண்பர்தான் முதலில் சொல்வார். எதிர்ப்பக்கம் போய், பொறி முந்திக்கொண்டால் கிக்கர் திருப்பி அடிக்கும், ஏற்றத்தில் இன்ஜின் கிலுகிலுக்கும். முழங்காலுக்குக் கீழே அடிபட்ட புல்லட்காரர்கள் இதை மறக்கமாட்டார்கள்.

டைமிங் பிடிக்கும் பழைய முறை ஒன்று உண்டு. சிகரெட் பெட்டிக்குள் இருக்கும் மெல்லிய காகிதத்தைப் பாயிண்டுகளுக்கு நடுவே கவ்வக் கொடுத்து, மற்றொரு கையால் லேசாக இழுத்தபடி, டாப் கியரில் பின் சக்கரத்தை முடிமுடியாக நகர்த்துவார்கள். காகிதம் வழுக்கி வரும் கணமே பாயிண்ட் திறக்கும் கணம். பிளக் துளையில் விட்ட கம்பி அப்போது பிஸ்டன் எங்கே நிற்கிறது என்பதைக் காட்டும். பேட்டரியில் ஒரு பல்பை இணைத்தும் இதைச் செய்யலாம். பார்க்கப் பளிச்சென்று இருக்கும். ஆனாலும் எனக்குக் காகிதம்தான் ஒசத்தி. விரல் நுனி உணரும் அந்த விடுபடலில், கேம் எத்தனை தேய்ந்திருக்கிறது, பாயிண்ட் முகம் நேராகச் சந்திக்கிறதா என்பதும் கூடவே தெரிந்துவிடும்.

கண்டென்சர் தளர்ந்தால் அதற்கென்று தனி அடையாளம் இருக்கிறது. மூடியைத் திறந்துவிட்டு உதைத்தால், பிளக்கில் விழ வேண்டிய பொறி பாயிண்டிலேயே கொழுத்து விழும். பாயிண்ட் முகத்தில் ஒருபக்கம் குழியும் மறுபக்கம் மேடும் இருக்கும். பிளக்கிலோ மஞ்சளாக, நூலிழையாக ஒரு பொறி. ஆரோக்கியமான பொறி நீலமாக இருக்கும். 'சட்' என்று காதில் கேட்கும்.

டேப்பட் சத்தத்தைப் பற்றிப் பரவலான ஒரு தவறான எண்ணத்தை இங்கே மறுக்க வேண்டும். சத்தமே இல்லாத புல்லட் நல்ல புல்லட் என்று பலர் நினைக்கிறார்கள். வலப்பக்கச் சிறு மூடியைத் திறந்து, குளிர்ந்த இன்ஜினில், புஷ்ராடு விரலால் தாராளமாகச் சுழலவும், மேலும் கீழும் ஆடாமல் இருக்கவும் வைப்பதுதான் முறை. அதை ஒரு நூல் அதிகமாக இறுக்கினால் சத்தம் அடங்கிவிடும், வாடிக்கையாளர் மகிழ்ந்துபோவார். ஆனால் வால்வு முழுதாக உட்காராது. எரியும் வாயு அந்த இடுக்கில் சீறி வால்வின் விளிம்பையே தின்றுவிடும். காலையில் கம்ப்ரஷன் இருக்கும், சூடானதும் காணாமல் போகும். லேசாகத் தட்டிக்கொண்டிருக்கும் டேப்பட் தன் நலத்தைத் தானே அறிவிக்கிறது. நேற்றுவரை தட்டியது இன்று மௌனமானால் பயப்பட வேண்டும்.

நான் பார்த்தவற்றில் மிக நுட்பமான கண்டுபிடிப்பு திண்டுக்கல் பக்கம் ஒரு நெடுஞ்சாலையோரப் பட்டறையில் நடந்தது. வண்டி பதினைந்து கிலோமீட்டர் அருமையாக ஓடும், பிறகு தொய்ந்து தொய்ந்து நின்றுவிடும். அரைமணி நேரம் ஓய்வு கொடுத்தால் மறுபடி ஓடும். சூடானதும் கைவிடும் காயில் இப்படித்தான் நடந்துகொள்ளும் என்பது தொழிலில் இருப்பவர்களுக்கு அரிச்சுவடி. அதனால் வேறிடத்தில் காயிலும் கண்டென்சரும் மாற்றியாகிவிட்டது. பயனில்லை. பட்டறைக்காரர் வயதானவர். ஸ்பேனர் எதையும் எடுக்காமல், "வாங்க தம்பி, நிக்கிற வரைக்கும் போவோம்" என்று பின்னால் உட்கார்ந்துகொண்டார். இருவரும் திரும்பி வந்து சொன்னது இது. வண்டி நின்றதும் பெரியவர் டேங்க் மூடியைத் திறந்தார். உள்ளே காற்று இழுக்கும் சத்தம் கேட்டது. ஃப்ளோட் கிண்ணம் நிரம்பச் சில நொடி பொறுத்து உதைக்கச் சொன்னார். ஒரே உதை. மூடியிலுள்ள காற்றுத் துளையில் மண் அடைத்திருந்தது. பெட்ரோல் இறங்க இறங்க உள்ளே வெற்றிடம் உண்டாகி, ஒரு கட்டத்தில் பெட்ரோல் இறங்குவதே நின்றிருக்கிறது. ஓய்வு கொடுத்தபோது காற்று எப்படியோ கசிந்து உள்ளே போய் நிலைமையைச் சரிசெய்திருக்கிறது.

இதில் எனக்குப் பிடித்தது அந்தச் சில நொடிகள். காயிலும் மூடியும் ஒரே முகம் காட்டும் இரண்டு கோளாறுகள். இரண்டும் ஓடினால் வரும், நின்றால் போகும். சூடான காயில் சில நொடியில் ஆறாது. மூடியைத் திறந்தாலோ பெட்ரோல் உடனே இறங்கும். இரண்டுக்கும் வேறுபட்ட விடை தரும் ஒரே ஒரு கேள்வியை அவர் கண்டுபிடித்து, அதைக் கேட்கவேண்டிய இடத்துக்கே பயணம் போய்க் கேட்டார். வண்டி கடையில் நிற்கும்வரை அந்தக் கேள்வியைக் கேட்கவே முடியாது.

டூ ஸ்ட்ரோக்கில் இலக்கணம் வேறு. 1985 முதல் 1996 வரை வந்த யமஹா ஆர்எக்ஸ் 100ஐ இன்றும் தேடி வாங்கி வைத்திருப்பவர்கள் நம் ஊரில் ஏராளம். 98 சிசி, 11 குதிரைத்திறன். ஹெட்டில் வால்வு, டேப்பட் எதுவும் கிடையாது. அதனால் சந்தேகப்பட வேண்டியவை குறைவு என்று தோன்றும். ஆனால் அங்கே சைலன்சரும் இன்ஜினின் உறுப்பு. எண்ணெய் எரிந்த கரி உள் குழாயில் படிந்து துளைகளை அடைத்தால், புகை வெளியேறத் தாமதமாகி, புதுக் கலவை உள்ளே வர இடமில்லாமல் போகும். பாதி ஆக்சிலேட்டருக்கு மேல் திருகினால் சத்தம் மட்டும் கனக்கும். முனைத் திருகைக் கழற்றி, உள் குழாயை உருவி, நெருப்பில் காட்டிக் கரியை எரித்துத் தட்டி மாட்டினால் வண்டி மறுபிறவி எடுக்கும்.

2020 ஏப்ரலில் பிஎஸ்-6 மாசுக் கட்டுப்பாட்டு விதி வந்தபின் புதிய வண்டிகளில் கார்புரேட்டர் ஏறக்குறைய மறைந்துவிட்டது. ஸ்கேனரை மாட்டினால் கோளாறு எண்ணாக வந்து நிற்கிறது. இது நல்ல முன்னேற்றம்தான், வேலை விரைவாகிறது. ஆனால் கலவை மெலிந்திருக்கிறது என்று எண் சொன்னால், பம்ப் தளர்ந்ததா, இன்ஜெக்டர் அடைத்ததா, மேனிஃபோல்டில் காற்றுக் கசிகிறதா என்பதை அது சொல்வதில்லை. அங்கிருந்து மறுபடி அதே வரிசைதான். பழைய வண்டிகளுக்கோ இப்போது புதிய கேள்வி ஒன்று சேர்ந்திருக்கிறது. பம்புகளில் கிடைக்கும் பெட்ரோலில் 20 சதவீதம்வரை எத்தனால். எத்தனால் எரியப் பெட்ரோலைவிடக் குறைந்த காற்று போதும் என்பதால், பழைய ஜெட்டில் கலவை சற்று மெலிகிறது. அது ஈரத்தையும் உறிஞ்சும், சில பழைய ரப்பர்களையும் ஊறவைக்கும். வாரக்கணக்கில் நின்ற வண்டி திணறினால் முதலில் டேங்கை வடித்துப் பார்க்கிறார்கள். மெயின் ஜெட்டில் ஓர் எண் கூட்டுகிறார்கள். கலவை மாறினால் கணக்கும் மாறும் என்பதைப் பட்டறைகள் யாரும் சொல்லித்தராமலே பிடித்துக்கொண்டன.

வேலை முடிந்தபின் ஓட்டிப் பார்க்கப் போகும்போது நல்ல மெக்கானிக் எந்தச் சாலையைத் தேர்கிறார் என்று கவனியுங்கள். காலியான நேர்ச்சாலையில் பறப்பதில் ஒன்றும் தெரியாது. சென்னையில் என்றால் ஒரு மேம்பாலத்தை நோக்கிப் போவார். டாப் கியரில் வேகத்தைக் குறைத்து, ஏற்றத்தின் அடியில் ஆக்சிலேட்டரைப் பாதி மட்டும் திறப்பார். இன்ஜின் கிலுகிலுக்காமல், வெட்டாமல், சுமையை எடுத்துக்கொண்டு மேலேறுகிறதா என்று பார்ப்பார். திரும்பி வந்ததும் இரண்டு டிரம்மையும் தொட்டுச் சூடு பார்ப்பார், பிளக்கை ஒருமுறை கழற்றி நிறம் பார்ப்பார். அதற்குப் பிறகும் முழுப் பணத்தை வாங்கிக்கொள்ளாமல், "ரெண்டு நாள் ஓட்டிட்டு வாங்க தம்பி, சூட்டுல எப்படி இருக்குன்னு பாத்துட்டு மிச்சத்தப் பேசிக்கலாம்" என்று சொல்கிறவரிடம்தான் நான் என் நண்பர்களை அனுப்புவேன்.